காளான்: முதலில் வீட்டில் வளருங்கள், பிறகு காட்டில் தேடுங்கள்

காளான் மீது ஆசை வந்தவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மழை விட்ட மறுநாள் கூடையோடு கிளம்பி, கண்ணில் பட்டதையெல்லாம் பறித்து வந்து, அப்புறம்தான் "இது என்ன வகை?" என்று தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். மூன்று மாதம் வீட்டில் ஒரே ஒரு வகையை வளருங்கள். மொட்டாகவும் பிஞ்சாகவும் விரிந்த குடையாகவும் வாடிச் சுருங்கும் நிலையிலும் ஒரே காளானை நூறு முறை பார்த்த கண்ணுக்குத்தான், எதிரே நிற்பது "அது மாதிரி" இருக்கிறதா, "அதேதானா" என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். காட்டுக் காளானில் உயிரைக் காப்பாற்றுவது அந்தப் பார்வைதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் வளர்ப்பு முதலில் வருகிறது, தேடல் பின்னால் வருகிறது.

இழையும் குடையும்

நாம் பறிக்கும் குடை, மரத்தில் காய்க்கும் பழம் போன்றது. மரம் என்று சொல்ல வேண்டியது வைக்கோலுக்குள்ளோ மட்கிய கட்டைக்குள்ளோ மண்ணுக்குள்ளோ ஓடும் வெள்ளை இழைகளைத்தான். இழை பரவுவதற்கு வெதுவெதுப்பும் அசைவில்லாத காற்றும் வேண்டும், வெளிச்சம் தேவையில்லை. குடை வருவதற்கு வெளிச்சம், புதுக் காற்று, நிறைய ஈரப்பதம் மூன்றும் வேண்டும். இந்த இரண்டு கட்டங்களையும் குழப்பிக்கொள்வதால்தான் புதியவர்களின் பைகள் பாதி வீணாகின்றன. இழை பரவும்போதே தண்ணீர் தெளிப்பார்கள். மொட்டு வரும் நேரத்தில் பையை இருட்டு அலமாரிக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

எந்த வகை, எந்த வித்து

தொடக்கத்துக்குச் சிப்பிக் காளான்தான். இதன் இழை வேகமாக ஓடி, மற்ற பூசணங்கள் இடம் பிடிப்பதற்குள் வைக்கோலை வளைத்துக்கொள்ளும். இழை பரவிய பின் அதன் மேல் மண் பரப்பும் வேலை, அதாவது மேல்மண் போடுவது, இதற்கு வேண்டியதில்லை. சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். மொட்டுக் காளானுக்கு முறையாக மட்கவைத்த எருவும், குடை வரும்போது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியும் வேண்டும். அது இரண்டாம் வருடத்து வேலை. ஷிடாகேயை மரக்கட்டையில் வளர்த்தால் முதல் காளானுக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சிப்பிக் காளானிலும் உங்கள் அறையின் வெப்பத்துக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் நிறச் சிப்பிக்கு 10 முதல் 20 டிகிரி பிடிக்கும். வெள்ளைச் சிப்பி 20 முதல் 28 வரை நன்றாக வரும். இளஞ்சிவப்புச் சிப்பி 30 டிகிரியிலும் சளைக்காது. அறை எந்நேரமும் 30-க்கு மேல் இருந்தால் பால் காளானைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே சுருக்கமாக இருக்கிறது.

வித்து என்பது வேகவைத்துத் தொற்றுநீக்கிய தானியத்தில் காளான் இழையைப் பரவவிட்டது. பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியையும் வெள்ளை இழை பஞ்சு போலச் சுற்றியிருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ ஆரஞ்சோ ஒரு புள்ளி தெரிந்தாலும் வாங்காதீர்கள். அடியில் மஞ்சள் நீர் தேங்கி, புளித்த வாடை வந்தால் அது பழசு, அல்லது பாக்டீரியா புகுந்தது. வெள்ளைச் சிப்பி, சாம்பல் சிப்பி வித்துகளை ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் சில வாரம் வைக்கலாம். இளஞ்சிவப்புச் சிப்பி, வைக்கோல் காளான் வித்துகளை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அவை வெப்ப நாட்டு இனங்கள், குளிரில் இழை செத்துப்போகும். இதைத் தெரியாமல் வித்தைக் கொன்றுவிட்டு, "முளைக்காத வித்தைக் கொடுத்துவிட்டார்கள்" என்று குறைப்படுபவர்கள் உண்டு.

முதல் இரண்டு பைகள்

உலர்ந்த வைக்கோல் 1 கிலோ, வித்து 200 கிராம், 25 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் உள்ள பாலித்தீன் பை இரண்டு, ரப்பர் பேண்ட், சமையலறை வெப்பமானி ஒன்று. எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் அடைக்காதீர்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று மிஞ்சும். அதோடு பெரிய பையின் நடுவில் சூடு ஏறி இழை வெந்துபோகும் ஆபத்தும் குறையும்.

1. வைக்கோலைத் தேர்ந்தெடுப்பது. பொன்னிறமாக, மொடமொடவென்று, மழையில் நனையாததாக இருக்கட்டும். கறுப்புப் புள்ளியும் முக்கல் வாடையும் உள்ள வைக்கோலில் வேறு பூசணம் ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாக விட்டால் பைக்குள் வெற்றிடம் விழும். வெற்றிடத்தை இழையால் எளிதில் தாண்ட முடியாது.

2. ஊறவைப்பது. சுத்தமான தண்ணீரில் 8 மணி நேரம். மிதக்கும், அதனால் மேலே பாரம் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

3. வெந்நீரில் தொற்றுநீக்கம். 70 முதல் 75 டிகிரி வெந்நீரில் வைக்கோல் முழுக்க மூழ்கியபடி ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். கணக்கைத் தண்ணீர் சுட்ட நேரத்திலிருந்து தொடங்காதீர்கள். குளிர்ந்த வைக்கோலைப் போட்டதும் வெப்பம் இறங்கும். நடுப்பகுதியில் வெப்பமானியைச் செருகி, அது 70-ஐத் தொட்ட பிறகு எண்ணுங்கள். கொதிக்கவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மிதமான சூட்டில் போட்டிப் பூசணங்கள் சாகும், சூட்டைத் தாங்கும் சில பாக்டீரியாக்கள் மிஞ்சிக் காவல் நிற்கும். கொதித்து முற்றிலும் வெறுமையான வைக்கோல், காற்றில் வரும் எந்தப் பூசணமும் வந்து உட்காரக்கூடிய காலி மனை.

வெந்நீருக்கு வசதி இல்லையென்றால் நீற்றிய சுண்ணாம்பு முறை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, உலர்ந்த வைக்கோலை 12 முதல் 18 மணி நேரம் மூழ்கடித்து வைக்க வேண்டும். அந்தக் கடும் காரத்தில் பெரும்பாலான பூசணங்கள் அடங்கிவிடும். தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

4. வடிகட்டுவது. இந்த ஒரு படியில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். சுத்தமான வலையிலோ சாய்வான பலகையிலோ நிழலில் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடுங்கள். ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். ஒரு பிடி எடுத்து, கை நடுங்கும் அளவுக்கு இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்து நின்றால் சரி. தாரையாக ஒழுகினால் இன்னும் காய வேண்டும். பிழிந்த பிறகு உள்ளங்கையில் ஈரமே படியவில்லை என்றால் காய்ந்துவிட்டது. சுத்தமான நீரைக் கொஞ்சம் தெளித்துக் கலந்துகொள்ளுங்கள். கையை நம்பாதவர்கள் எடை போடலாம். 1 கிலோ உலர் வைக்கோல் வடிந்த பிறகு 2.7 முதல் 3 கிலோவுக்குள் இருந்தால் ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

5. ஆறவைத்துப் பையில் அடுக்குவது. 30 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சானிடைசர் தடவுங்கள். வித்தைப் பாக்கெட்டுக்குள்ளேயே பிசைந்து மணி மணியாக உதிர்த்துக்கொள்ளுங்கள். பையின் அடியைக் கட்டி, 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோலைப் போட்டுக் கையால் அழுத்தி, அதன் மேல் 25 கிராம் வித்தை ஓரத்தை ஒட்டித் தூவுங்கள். இப்படி நான்கு அடுக்கு. கடைசி வித்தின் மேல் மெல்லிய வைக்கோல் போர்வை. காற்று வெளியேறும்படி அழுத்தி வாயைக் கட்டுங்கள். பக்கவாட்டில் பென்சில் முனை அளவில் 10 முதல் 12 துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் பஞ்சை அடைத்துவிடுங்கள். காற்று போகும், ஈ போகாது.

வித்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஈர வைக்கோலின் எடையில் 7 சதவீதம் வித்து என்பது பெரிய பண்ணைக் கணக்கில் தாராளம்தான். ஆனால் வீட்டில் நம் சுத்தம் பண்ணை அளவுக்கு இருக்காது. இழை எத்தனை இடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் பை மூடும்.

காத்திருக்கும் இருபது நாள்

22 முதல் 27 டிகிரியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். இரண்டு பைக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள். இழை வேலை செய்யும்போது தானாகவே சூடாகும். பைக்குள் அறையைவிட சில டிகிரி கூடுதலாக இருக்கும். உள்ளே 35-ஐத் தாண்டினால் இழை சாகும், சூட்டை விரும்பும் பூசணங்கள் எழும்.

மூன்றாம் நாள் தானிய மணிகளைச் சுற்றி மெல்லிய புகை போல வெள்ளை தெரியும். ஏழாம் நாள் அது நாணயம் அளவு வட்டங்களாகும். பன்னிரண்டாம் நாளுக்கு மேல் வட்டங்கள் ஒன்றோடொன்று சேரும். பதினெட்டு, இருபது நாளில் வைக்கோலின் நிறமே தெரியாமல் பை முழுக்க வெள்ளைக் கட்டியாக இறுகி, தட்டினால் கெட்டியாக இருக்கும். பைக்குள் மஞ்சள் நிறத் துளிகள் சில தென்பட்டால் பதற வேண்டாம். இழை தன் போட்டியாளர்களோடு மல்லுக்கு நிற்கும்போது வியர்ப்பது அது. அழுகிய வாடை வராதவரை கவலை இல்லை. பையைத் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்.

குடை விரியும் வாரம்

முழுக்க வெளுத்த பின் பையின் பக்கங்களில் 4 செ.மீ. நீளத்தில் பெருக்கல் குறி போல நான்கைந்து கீறல் போடுங்கள். செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் உள்ள, நேரடி வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். சுற்றிலும் ஈரப்பதம் 85 சதவீதமாவது வேண்டும். பக்கங்களில் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உள்சுவர்களில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பனி போலத் தண்ணீர் தெளித்தால் போதும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் விசிறிவிடுங்கள். காளானும் நம்மைப் போலக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, அது அடியில் தேங்கும்.

ஒரு வாரத்துக்குள் கீறலில் கடுகு சிதறியது போல மொட்டுகள் வரும். இப்போது அவற்றின் மேல் நேராகத் தண்ணீர் தெளித்தால் கருகிப்போகும். சுவரிலும் காற்றிலும் மட்டும் தெளியுங்கள். காலையில் தீக்குச்சித் தலை அளவு இருந்தது அடுத்த நாள் பட்டாணி அளவாகும். அதற்கடுத்த நாள் குடை பிரிந்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும். மொட்டிலிருந்து பறிப்பு வரை மூன்று முதல் ஐந்து நாள்தான். அந்த நாட்களில் வெளியூர் போகாதீர்கள்.

பறிக்கும் நேரத்தைக் குடையின் விளிம்பு சொல்லும். விளிம்பு கீழ்நோக்கி லேசாக வளைந்திருக்கும்போதே கொத்தின் அடியைப் பிடித்துத் திருகி எடுத்துவிடுங்கள். விளிம்பு தட்டையாகி மேல்நோக்கித் திரும்பினால் வெண்ணிறத் தூள் கொட்டத் தொடங்கிவிட்டது. அந்தத் தூள்தான் ஸ்போர், காளானின் விதை. மூடிய அறையில் அது தினமும் மூச்சில் ஏறினால் இருமலும் ஒவ்வாமையும் வரும். படுக்கையறையில் காளான் வளர்க்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கீறலில் மிஞ்சிய அடிக்கட்டைகளைச் சுரண்டி எடுங்கள், அழுகினால் ஈ வரும். 7 முதல் 10 நாளில் இரண்டாம் பறிப்பு, பிறகு மூன்றாவது. பை எடை குறைந்து இலேசாகிவிட்டால் குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் மூழ்கவைத்து வடியவிடலாம். 1 கிலோ உலர் வைக்கோலுக்கு மொத்தம் அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை கிடைத்தால் முதல் முயற்சிக்கு அது நல்ல விளைச்சல். கை பழகியவர்கள் வைக்கோலின் எடைக்கு எடை எடுக்கிறார்கள். மூன்றாம் பறிப்புக்குப் பின் வைக்கோலைத் தோட்டத்துக்கு மூடாக்காகப் போடலாம், மண்புழுவுக்கும் கொடுக்கலாம்.

எது கெடுகிறது, ஏன் கெடுகிறது

பச்சைப் பூசணம்தான் முதல் எதிரி. டிரைக்கோடெர்மா என்ற இனம். முதலில் வெள்ளையாகவே வரும், அதனால் ஏமாந்துபோவோம். இரண்டு மூன்று நாளில் பச்சைத் தூளாக மாறும். முதல் வாரத்திலேயே பல இடத்தில் வந்தால் தொற்றுநீக்கம் போதவில்லை, அல்லது வித்தே கெட்டது. ஒரே ஒரு துளையைச் சுற்றி வந்தால் அது வெளியிலிருந்து நுழைந்தது. பைக்குள் பச்சை பார்த்ததும் திறந்து துடைக்க முயலாதீர்கள். பச்சைத் தூள் முழுக்க அதன் ஸ்போர். ஒரு துடைப்பில் அறை முழுக்கப் பரவும். இன்னொரு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

புளித்த வாடையும் கொழகொழப்பும் என்றால் தண்ணீர் அதிகம். நான்காம் படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். வைக்கோலிலிருந்து மெல்லிய தண்டில் சாம்பல் நிறக் குட்டிக் குடைகள் எழுந்து ஒரே நாளில் கறுப்பு மையாகக் கரைந்தால் அது மைக் காளான். வைக்கோலில் ஈரமும் தழைச்சத்தும் மிகுந்திருப்பதன் அடையாளம். பிடுங்கி எறிந்துவிட்டுத் தொடரலாம், பை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தண்டு நீண்டு குடை பொத்தான் அளவிலேயே நின்றாலோ, பவழப்பூண்டு போலக் கிளைத்தாலோ புதுக் காற்று போதவில்லை. குடை ஓரம் வெடித்துக் காய்ந்தால் ஈரப்பதம் குறைவு. குடை மேல் மஞ்சள் பழுப்புத் திட்டுகள் வந்தால், தெளித்த தண்ணீர் பல மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறது. அந்த ஈரத்தில் ஒரு பாக்டீரியா பெருகியிருக்கிறது. தெளித்த பின் ஓரிரு மணி நேரத்தில் குடையின் மேற்பரப்பு உலரும்படி காற்றோட்டம் கொடுங்கள். சின்னக் கறுப்பு ஈக்கள் சுற்றினால் மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட்டு, ஜன்னலுக்கு நெருக்கமான வலை அடியுங்கள். பூச்சிக்கொல்லி மருந்து கூடாது. காளான் தன் மேல் படுவதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்.

காப்பித் தூள் சக்கையில் வளர்க்கலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வளரும், ஆனால் அதில் தழைச்சத்து அதிகம். பச்சைப் பூசணத்துக்கும் அதுவே விருந்து. வடித்த அன்றே பயன்படுத்துவதாக இருந்தால் வைக்கோலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து பாருங்கள். முதல் முயற்சியில் வேண்டாம்.

பால் காளானுக்கும் இதே பை முறைதான். இழை முழுக்கப் பரவிய பின் பையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தின் மேல் 2 செ.மீ. மேல்மண் போட வேண்டும். தோட்ட மண்ணோடு கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்து ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டது. அந்த மண் ஈரம் குறையாமல் 30 முதல் 35 டிகிரியில் இருந்தால் பத்து நாளை ஒட்டி மொட்டு வரும். பறித்த பின் சிப்பிக் காளானைவிட நாள்பட நிற்கும்.

பறித்த காளானைக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். பிளாஸ்டிக் பையில் வியர்த்து ஒரே நாளில் வழவழக்கும். உலர்த்துவதாக இருந்தால் 50 டிகிரியை ஒட்டி, ஒடித்தால் படக்கென்று முறியும் வரை உலர்த்துங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 10 கிலோ பச்சைக் காளான் சுமார் 1 கிலோவாகச் சுருங்கும். உலர்த்தும் முன் செவுள் பக்கம், அதாவது குடையின் அடியில் மெல்லிய மடிப்புகள் உள்ள பக்கம், மேலே தெரியும்படி நடுப்பகல் வெயிலில் அரை மணி நேரம் வைத்தால், காளானில் உள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆக மாறும். காசு செலவில்லாத இந்தச் சத்தை விட்டுவிடாதீர்கள்.

பழகிய கண்ணோடு காட்டுக்கு

மூங்கில் கூடை, சின்னக் கத்தி, காகிதப் பைகள், பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி, நோட்டு. நில உரிமையாளரிடமும் வனத்துறையிடமும் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரம், தொழிற்சாலை ஓரம், மருந்து அடித்த புல்வெளி, குப்பை கொட்டிய இடம் இவற்றில் வளர்ந்ததைத் தொட வேண்டாம். ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றை மண்ணிலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் காளான்கள் பல. சரியான இனமே ஆனாலும் அந்த இடத்தில் வளர்ந்தது உணவாகாது.

முதல் பருவம் முழுக்க, தின்பதற்காகப் பறிக்காதீர்கள். தெரிந்துகொள்ளப் பறியுங்கள். உங்கள் பகுதிக் காளான்களைப் பல வருடமாகத் தேடிவரும் ஒருவரோடு போங்கள். புத்தகம் அவருக்குத் துணை, மாற்று அல்ல. ஃபோன் செயலிகள் பெயரைத் தேடத் தொடங்க உதவும், அவ்வளவுதான். ஒரே படத்துக்கு இரண்டு செயலிகள் இரண்டு பெயர் சொல்வது சாதாரணம், இரண்டுமே தவறாக இருப்பதும் உண்டு. கூடையில் ஒவ்வொரு வகையையும் தனித் தனிக் காகிதப் பையில் வையுங்கள்.

வெட்டி எடுப்பதா, பிடுங்குவதா என்ற வாக்குவாதம் ஓயாதது. சுவிட்சர்லாந்தில் 29 ஆண்டுகள் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், இரண்டில் எப்படிப் பறித்தாலும் அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சல் குறையவில்லை. மண்ணை மிதித்து இறுக்கியதுதான் குடைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஆகவே காலடியில் கவனம் வையுங்கள். அடையாளம் தெரியாத காளானை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். அடிமண்ணோடு கத்தியால் நெம்பி முழுதாக எடுக்க வேண்டும். காரணம், கொல்லும் காளானின் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது.

அமனிட்டா இனத்தைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எதையும் கற்காதீர்கள். அதில் ஃபல்லாய்டஸ் என்ற மரணக் காளானில் ஒரே ஒரு குடை வளர்ந்த ஆளைக் கொல்லப் போதும். வெளிர்ப் பச்சையோ மஞ்சளோ கலந்த குடை, வெள்ளைச் செவுள், தண்டின் மேற்பகுதியில் பாவாடை போல ஒரு வளையம், மண்ணுக்குள் தண்டின் அடியைச் சுற்றி முட்டை ஓடு உடைந்தது போல ஒரு கிண்ணம். தண்டை மேலோடு வெட்டினால் அந்தக் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். கையில் இருப்பது சாதுவான வெள்ளைக் காளானாகத் தெரியும். அதன் நச்சான அமனிட்டின் வேகவைத்தாலும் உலர்த்தினாலும் உறையவைத்தாலும் அழியாது. தின்றவர்கள் பலர், ருசியாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இளம் மரணக் காளான் வெள்ளை முட்டை போல இருக்கும். வைக்கோல் காளானின் மொட்டும் அப்படித்தான், அதற்கும் அடியில் கிண்ணம் உண்டு. வைக்கோல் காளான் தின்று பழகியவர்கள் அது விளையாத வேற்று நாட்டில் இதைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2012 ஜனவரியில் மரணக் காளான் தின்ற இருவர் இறந்தார்கள். ஓர் ஊரில் கற்ற காளான் அறிவு இன்னோர் ஊருக்குச் செல்லாது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. முட்டை போன்ற எதையும் மேலிருந்து கீழாக நடுவில் பிளந்து பாருங்கள். உள்ளே பன்னீர்க்கட்டி போல ஒரே சீரான வெள்ளையாக இருந்தால் அது உருண்டைக் காளானாக இருக்கலாம். குட்டிக் குடையும் தண்டும் செவுளும் வரைந்தது போலத் தெரிந்தால் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். தொடுவதால் நஞ்சேறாது, ஆனாலும் அதே கையால் சாப்பிட வேண்டாம்.

ஸ்போர் பதிவு

கண்ணால் பிரிக்க முடியாததைத் தூள் பிரித்துக் காட்டும். குடையைத் தண்டிலிருந்து நறுக்கி, செவுள் கீழே பார்க்கும்படி, பாதி வெள்ளைக் காகிதத்திலும் பாதி கறுப்புக் காகிதத்திலும் படும்படி வையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கிண்ணத்தால் மூடி, 6 முதல் 12 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். தூக்கிப் பார்த்தால் செவுளின் கோடுகள் ஒவ்வொன்றும் தூளால் வரைந்த சக்கரம் போலப் பதிந்திருக்கும். வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. வீட்டில் வளர்த்த சிப்பிக் காளானில் இதை முதலில் செய்து பழகுங்கள். வெண்மையோ மங்கலான ஊதாச் சாயலோ வரும்.

அமனிட்டா வெள்ளையாகப் பதியும், வைக்கோல் காளான் இளஞ்சிவப்பாக. மரக்கட்டையில் வளரும் கேலரினா என்ற சின்னப் பழுப்புக் காளான் துருப் பழுப்பில் பதியும், அதிலும் அமனிட்டின் உண்டு. மழைக்குப் பின் புல்வெளியில் வட்டமாக முளைக்கும், செதில் ஒட்டிய பெரிய வெள்ளைக் குடை ஒன்று இருக்கிறது: குளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ். வெப்ப நாடுகளில் வயிற்றைக் கெடுக்கும் காளான்களில் இது முன்னணியில் நிற்கிறது. இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருந்து ஏமாற்றும், பதிவு எடுத்தால் பச்சை. பதிவு பச்சையாக வந்தால் உடனே எறியுங்கள். ஆனால் பதிவு ஒத்துப்போனதால் மட்டும் ஒரு காளான் தின்னத் தகுந்ததாகிவிடாது. குடை, செவுள் தண்டோடு சேரும் விதம், வளையம், அடிக்கிண்ணம், வெட்டினால் மாறும் நிறம், மணம், எந்த மரத்தின் அருகில் அல்லது எதன் மேல் வளர்ந்தது, தூளின் நிறம் எல்லாமே பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தவில்லையா, அது நீங்கள் தேடும் காளான் இல்லை.

நீங்கள் வளர்த்துப் பழகிய சிப்பிக்கும் காட்டில் போலிகள் உண்டு. ஓம்ஃபலோட்டஸ் இனம் சிப்பி போலவே மரத்தில் கொத்தாக வரும். அதில் சில வகைகள் இருட்டறையில் மங்கிய பச்சையாக ஒளிரும், தின்றால் கடும் வாந்தி. ஊசியிலை மரக் கட்டைகளில் மெல்லிய வெள்ளைச் சிறகு போல வருவது இன்னொன்று. அதைத் தின்று ஜப்பானில் 2004-ல் பலர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுநீரக நோயாளிகள். அதுவரை அது தின்னும் காளான் என்றே பெயர் பெற்றிருந்தது.

கரையான் புற்றில் முளைக்கும் காளான்களை நம்பித் தேடுபவர்கள், தண்டின் அடி வேர் போல நீண்டு புற்றுக்குள் இருக்கும் கரையான் தோட்டம் வரை போகிறதா என்று தோண்டிப் பார்க்க வேண்டும். கரையான்களே தங்கள் உணவுக்காக வளர்க்கும் இழையிலிருந்து வருவது அது. வணிக அளவில் மனிதர்களால் இன்னும் வளர்க்க முடியவில்லை. புற்றுக்குப் பக்கத்தில் நிற்பதெல்லாம் புற்றுக் காளான் ஆகாது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி தின்றிருந்தால் நல்லது, தோல் உரிந்தால் நல்லது, மரத்தில் வளர்ந்தால் நல்லது. இந்த ஐந்தும் பொய். நத்தையும் புழுவும் மரணக் காளானைத் தின்று சாகாமல் திரிகின்றன.

சமைக்கும் முன்னும் பின்னும்

அனுபவம் உள்ளவர் நேரில் பார்த்து உறுதி செய்த காளானை மட்டும், முழுக்க வேகவைத்து, ஒரு சமயத்தில் ஒரே வகை, முதல் தடவை இரண்டு மூன்று வாய் அளவு. இந்தச் சிறு அளவு ஒவ்வாமை பார்ப்பதற்குத்தான். விஷமா என்று சோதிக்க யாரும் இப்படிச் செய்யக் கூடாது, மரணக் காளானுக்குச் சிறு அளவு என்று ஒன்று இல்லை. மது வேண்டாம், மைக் காளானில் ஒரு வகை மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து படபடப்பு வரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காட்டுக் காளான் கொடுக்காதீர்கள். சமைக்க எடுத்ததில் இரண்டை வேகவைக்காமல் காகிதத்தில் சுற்றி, பறித்த இடமும் தேதியும் எழுதி, மூன்று நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தின்ற இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி பேதி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போகிற நஞ்சு, ஆனாலும் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மணி நேரம் கழித்து, சாப்பிட்டதையே மறந்த பிறகு தொடங்கினால் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். அமனிட்டின் அப்படித்தான் வரும். முதலில் கடும் வயிற்றுப்போக்கு, ஒரு நாள் கழித்து எல்லாம் சரியாகிவிட்டது போன்ற தெளிவு. அந்தத் தெளிவான நாளில்தான் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். மூன்று நாள் தாண்டிக் கண் மஞ்சளாகும்போது, சிலருக்குக் கல்லீரல் மாற்று ஒன்றே வழியாக மிஞ்சும். ஆகவே வயிறு அடங்கிவிட்டாலும் அவசரச் சிகிச்சைக்குக் கிளம்புங்கள். ஃபிரிட்ஜில் வைத்த காளானையும், மிஞ்சிய சமையலையும், தின்ற நேரத்தை எழுதிய காகிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே காளானைத் தின்ற மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகாவிட்டாலும் அவர்களையும் கூட அழைத்துப் போங்கள்.